டேட்டாலோடர் சொன்னபடி கேட்காதபோது: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

ஒரு புத்தகத் தளத்தின் முகப்பில் 50 நூல்கள், ஒவ்வொன்றின் கீழும் ஆசிரியர் பெயர். நூல்களை எடுக்க 1 வினவல், ஆசிரியர்களை எடுக்க 50 வினவல்கள். ஒருவர் மட்டும் திறந்து பார்க்கும்வரை இது உறுத்தாது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கு நோட்.ஜேஎஸ்ஸில் பலரும் பயன்படுத்தும் ‘பிஜி’ பேக்கேஜ், நாம் மாற்றாதவரை 10 இணைப்புகளைத்தான் திறக்கும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் முகப்புக்கு வந்தால் 510 வினவல்கள் அந்தப் பத்து வாசல்களில் வரிசை கட்டி நிற்கும்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் மருந்து டேட்டாலோடர்: தனித்தனிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துக் கேட்கும் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ். 2010-இல் ஃபேஸ்புக்கில் நிக் ஷ்ராக் உருவாக்கிய ‘லோடர்’ என்ற உள்வேலைக் கருவியின் வழிவந்தது. லீ பைரன் அதை ஜாவாஸ்கிரிப்டில் எழுத, 2015-இல் அது பொதுவெளிக்கு வந்தது. 2019-இல் இரண்டாம் பதிப்பு. மூல நிரல் சில நூறு வரிகள்தான். ஒரு மாலையில் படித்துவிடலாம். இதைப் பயன்படுத்தும் பலர் அந்த ஒரு மாலையைச் செலவிடுவதில்லை, பிறகு பல இரவுகளைச் செலவிடுகிறார்கள். நானும் அந்தக் கணக்கில்தான் வருவேன்.

அது வேலை செய்யும் விதத்தை உணவகத்தில் பார்க்கலாம். மேசையில் நால்வர். பரிமாறுபவர் முதல் ஆள் ‘இட்லி’ என்றதும் சமையலறைக்கு ஓடுவதில்லை. நால்வரும் சொல்லி முடிக்கட்டும் என்று நிற்கிறார், பிறகு ஒரே நடையில் போய் வருகிறார். டேட்டாலோடரின் ‘லோட்’ அழைப்பு ஒருவர் சொல்லும் பதார்த்தம். அதில் கேட்கப்படும் எண், இங்கே ஆசிரியரின் எண், தான் சாவி. நாம் எழுதித் தரும் பேட்ச் ஃபங்ஷன் அந்த ஒரு நடை, அதில் ஒன்றாகப் போகும் சாவிகள் ஒரு தொகுதி. எவ்வளவு நேரம் நிற்கிறார், தட்டுகளை எந்த வரிசையில் வைக்கிறார், ஒரு மேசையின் மீதியை அடுத்த மேசைக்குக் கொண்டுபோகிறாரா என்ற மூன்று கேள்விகளிலிருந்துதான் கீழுள்ள அறிகுறிகளில் பெரும்பாலானவை பிறக்கின்றன.

## முதலில் நாடி பிடியுங்கள்

எதையும் திருத்துவதற்கு முன் பேட்ச் ஃபங்ஷனின் முதல் வரியாக ஒரு பதிவைச் சேருங்கள்: கோரிக்கையின் எண், லோடரின் பெயர், எத்தனை சாவிகள், எந்தெந்தச் சாவிகள், முதல் சாவியின் தரவு வகை. நலமான லோடரின் பதிவு இப்படி இருக்கும்:

கோரிக்கை 41 | ஆசிரியர் | 3 சாவிகள் | 7, 3, 9 | எண்

நோயுற்றது இப்படி:

கோரிக்கை 41 | ஆசிரியர் | 1 சாவி | 7 | எண்
கோரிக்கை 41 | ஆசிரியர் | 1 சாவி | 3 | எண்
கோரிக்கை 41 | ஆசிரியர் | 1 சாவி | 9 | எண்

இந்த ஒரு வரி இல்லாமல் செய்யும் வைத்தியம் எல்லாம் ஊகம். இதை நிரந்தரமாகவே வைத்திருங்கள் என்பேன். மேம்பாட்டுச் சூழலில் மட்டும் அச்சிடும்படி அமைத்தால் போதும்.

## அறிகுறி: எல்லாத் தொகுதியிலும் ஒரே ஒரு சாவி

மேலே காட்டிய நோயுற்ற பதிவுதான். பெரும்பாலும் குற்றவாளி, சுழற்சிக்குள் உட்கார்ந்திருக்கும் ‘அவெய்ட்’, அதாவது விடை வரும்வரை காத்திரு என்ற கட்டளை. நூல்களின் பட்டியலை ‘ஃபார்’ சுழற்சியில் எடுத்து, ஒவ்வொரு நூலுக்கும் லோட் அழைப்பின் முன் அவெய்ட் போட்டிருப்பீர்கள். முதல் ஆள் இட்லி கேட்டு, அது வந்து, உண்டு முடித்த பிறகுதான் இரண்டாம் ஆள் வாயைத் திறக்கிறார். பரிமாறுபவர் என்ன செய்வார்? ஒரு வினவலுக்கு 4 மில்லிவினாடி என்று வைத்தாலும் 50 நூல்களுக்கு 200 மில்லிவினாடி வரிசையாகக் கரைகிறது. பட்டியலை ‘மேப்’ செய்து லோட் அழைப்புகளை எல்லாம் முதலில் எழுப்பிவிட்டு, கிடைக்கும் ப்ராமிஸ்களை (பின்னால் வரப்போகும் விடைக்கான சீட்டுகளை) மொத்தமாக ‘ப்ராமிஸ்.ஆல்’ கொண்டு காத்திருங்கள். அல்லது ‘லோட்மெனி’ அழையுங்கள்.

அவெய்ட் சரியாக இருந்தும் தொகுதி உருவாகவில்லை என்றால் லோடர் எங்கே பிறக்கிறது என்று பாருங்கள். கிராஃப்க்யூஎல் ரிசால்வருக்குள்ளேயே (ஒரு புலத்துக்கு விடை தேடித் தரும் ஃபங்ஷனுக்குள்ளேயே) ‘நியூ டேட்டாலோடர்’ எழுதியிருப்பவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ரிசால்வர் நூலுக்கு ஒருமுறை ஓடுகிறது. ஆகவே 50 லோடர்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சாவி. மேசைக்கு ஒருவர் இல்லாமல் நாற்காலிக்கு ஒருவர் பரிமாற வந்து நிற்கும் கதை. லோடரைக் கோரிக்கையின் தொடக்கத்தில், சூழல் பொருளை உருவாக்கும் இடத்தில், ஒருமுறை படையுங்கள்.

இவை இரண்டும் இல்லையென்றால், யாரோ சோதனைக்காக ‘பேட்ச்’ விருப்பத்தை ‘ஃபால்ஸ்’ ஆக்கிவிட்டு மறந்திருக்கலாம். சிரிக்காதீர்கள், நடக்கும்.

## அறிகுறி: தொகுதி உருவாகிறது, ஆனால் 30, 12, 8 என்று உடைகிறது

இதைப் புரிந்துகொள்ள, பரிமாறுபவர் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பதைத் துல்லியமாக அறிய வேண்டும். நோட்.ஜேஎஸ்ஸில் டேட்டாலோடர், முதல் லோட் வந்ததும், ஏற்கெனவே நிறைவேறிய ஒரு ப்ராமிஸின் ‘தென்’ வழியாக ‘பிராசஸ்.நெக்ஸ்ட்டிக்’ அழைக்கிறது. ஒரு ப்ராமிஸ் வேலைக்குள்ளிருந்து அழைக்கப்படும் நெக்ஸ்ட்டிக், அப்போது வரிசையில் இருக்கும் ப்ராமிஸ் வேலைகள் அனைத்தும் தீர்ந்த பிறகே ஓடும். அந்த வேலைகள் பெற்றுப்போடும் புதிய ப்ராமிஸ் வேலைகளும் இதில் அடக்கம்.

ஆகவே ‘இடையில் ஓர் ஆசிங்க் ஃபங்ஷன் வந்துவிட்டது, அதனால்தான் தொகுதி உடைந்தது’ என்று சொல்லப்படுவது பெரும்பாலும் தவறு. வெறும் ப்ராமிஸ் சங்கிலி பத்து அடுக்கு ஆழமாக இருந்தாலும் தொகுதி உடையாது. உடைப்பது உண்மையான காத்திருப்பு: வலைப்பின்னல், கோப்பு, டைமர். லோட் அழைப்பதற்கு முன் ஒவ்வொரு நூலுக்கும் தனித்தனியாக ரெடிஸிடம் (நினைவகத்தில் இயங்கும் தனித் தரவுக் கிடங்கிடம்) அனுமதி கேட்டுக்கொண்டிருந்தால், ரெடிஸின் விடைகள் வெவ்வேறு கணங்களில் வரும். லோட் அழைப்புகளும் சிதறும். சரியான தீர்வு அந்த அனுமதிக் கேள்வியையே இன்னொரு லோடருக்குள் கொண்டுபோவது. அதன் விடைகள் ஒன்றாக வந்தால் அடுத்த படியும் ஒன்றாகவே எழும்.

‘பேட்ச்ஷெட்யூல்எஃப்என்’ என்ற விருப்பம் இரண்டாம் பதிப்பில் உண்டு. அதில் ஒரு செட்டைம்அவுட் கொடுத்து 10 மில்லிவினாடி காத்திருக்கச் சொல்லலாம். நான் இதைக் கடைசி வழியாகவே வைத்திருக்கிறேன். ஒரு பக்கத்தில் லோடர்கள் நான்கு அடுக்காக ஒன்றன் பின் ஒன்றாக இருந்தால், அந்த 10 மில்லிவினாடி நான்கு முறை கூடும். வினவல்களைக் குறைத்து மிச்சம் பிடித்ததைக் காத்திருந்தே கொடுத்துவிடுவோம்.

தொகுதிகள் ஒரே அளவில், 100, 100, 100, 37 என்று உடைந்தால் அது நோயே இல்லை. யாரோ ‘மேக்ஸ்பேட்ச்சைஸ்’ 100 என்று வைத்திருக்கிறார்கள். ஏன் வைத்தார்கள் என்பதற்குக் கீழே ஒரு காரணம் வரும்; அதைப் படிக்காமல் நீக்கிவிடாதீர்கள்.

முதல் பதிப்பிலிருந்து மாறியவர்களுக்கு ஒரு குறிப்பு. அதில் கேச்சில் (முன்பு கிடைத்த விடைகளை லோடர் நினைவில் வைக்கும் இடத்தில்) இருந்த சாவிக்கு உடனே விடை வரும், இல்லாத சாவிக்குத் தாமதமாக வரும். அதனால் அடுத்த அடுக்கின் தொகுதி இரண்டாகப் பிளந்தது. இரண்டாம் பதிப்பில் கேச்சில் இருக்கும் சாவியும் நடப்புத் தொகுதியோடு சேர்ந்தே விடை தரும். இதற்கு ஒரு பக்கவிளைவு உண்டு: ‘கேச்சில் இருப்பது எப்படி 40 மில்லிவினாடி எடுக்கிறது?’ என்று யாராவது வியந்தால், அந்தச் சாவி தன் தொகுதியில் உள்ள மற்றவர்களுக்காகக் காத்திருந்தது என்பதே விடை.

## அறிகுறி: பிழை எதுவும் இல்லை, ஆனால் ஒருவர் நூலுக்கு இன்னொருவர் பெயர்

நான் மிகவும் அஞ்சுவது இதைத்தான். சர்வர் அமைதியாக இருக்கிறது, பதிவுகள் சுத்தம், வேகம் அருமை, விடை மட்டும் தவறு.

பேட்ச் ஃபங்ஷனின் ஒப்பந்தம் எளியது: சாவிகள் எந்த வரிசையில் வந்தனவோ அதே வரிசையில், அதே எண்ணிக்கையில் விடைகள் திரும்ப வேண்டும். விடைக்குள் இருக்கும் எண்ணைப் பார்த்து டேட்டாலோடர் பொருத்துவதில்லை. முதல் விடை முதல் சாவிக்கு, இரண்டாவது இரண்டாவதுக்கு. ஆனால் எஸ்க்யூஎல்லின் ‘இன்’ நிபந்தனைக்கும் போஸ்ட்கிரெஸின் ‘எனி’ நிபந்தனைக்கும் அப்படி எந்த வரிசைக் கடமையும் இல்லை. நாம் 7, 3, 9 என்று கேட்டால் தரவுத்தளம் தனக்கு வசதியான வரிசையில், பல நேரம் 3, 7, 9 என்று தரும். 7-ஆம் ஆசிரியரின் நூலில் 3-ஆம் ஆசிரியர் பெயர் ஏறிவிடும்.

கொடுமை என்னவென்றால் இது சோதனைகளில் சிக்காது. சோதனைத் தரவில் நாம் 1, 2, 3 என்று ஏறுவரிசையில் எண் கொடுத்திருப்போம். நூல்களும் அதே வரிசையில் வரும். தரவுத்தளமும் அதே வரிசையில் தரும். மூன்று தற்செயல்கள் கைகோத்து நமக்குப் பச்சை விளக்கு காட்டும். நான் பராமரித்த ஒரு தளத்தில், வாசகர் ஒருவர் ‘இந்த நாவலை எழுதியவர் இவர் இல்லையே’ என்று எழுதிக் கேட்கும்வரை எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. முகப்பை ‘புதியவை முதலில்’ என்று மாற்றிய வாரத்தில்தான் அது தொடங்கியிருந்தது. அதுவரை வரிசைகள் தற்செயலாகப் பொருந்தி வந்தன.

தீர்வு ஒவ்வொரு பேட்ச் ஃபங்ஷனிலும் ஒரே மூன்று படிகள். தரவுத்தளத்திலிருந்து வந்த தரவு வரிகளை, சாவியைக் கொண்டு தேடக்கூடிய ஒரு ‘மேப்’ பொருளில் போடுங்கள். பிறகு, வந்த சாவிகளின் பட்டியலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சாவிக்கும் அந்த மேப்பில் தேடுங்கள். இல்லாத இடத்தில் ‘நல்’ (மதிப்பு இல்லை என்ற குறி) வையுங்கள். தரவுத்தளத்திலேயே வரிசைப்படுத்தித் தருகிறேன் என்று நீளமான எஸ்க்யூஎல் எழுதுபவர்கள் இருக்கிறார்கள். முடியும்தான், ஆனால் இல்லாத சாவியின் சங்கதி அப்போதும் தீராமல் நிற்கும். மேப் போதும்.

சோதனையையும் மாற்றுங்கள்: சாவிகளை 9, 3, 7 என்று கலைத்துக் கொடுங்கள், நடுவில் இல்லாத ஓர் எண்ணையும், 999 போல ஒன்றை, செருகுங்கள். ஒரு லோடருக்கு ஒரே ஒரு சோதனைதான் எழுத நேரம் இருக்கிறது என்றால் இதை எழுதுங்கள்.

## அறிகுறி: நீளம் ஒத்துவரவில்லை என்று டேட்டாலோடர் கத்துகிறது

மேலே சொன்னதன் சத்தம் போடும் தம்பி. 50 சாவிகள் கேட்டீர்கள், அவற்றில் ஓர் ஆசிரியர் நீக்கப்பட்டிருந்ததால் 49 தரவு வரிகள் வந்தன, அப்படியே திருப்பிவிட்டீர்கள். பிழைச் செய்தியிலேயே சாவிகளும் விடைகளும் அச்சாகியிருக்கும். மூன்றாவது நாற்காலிக்காரர் கேட்ட வடை தீர்ந்துவிட்டால், பரிமாறுபவர் அங்கே காலித் தட்டை வைக்க வேண்டும். அடுத்த தட்டை அங்கே நகர்த்தினால் அதற்குப் பிறகு உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் பக்கத்து ஆள் கேட்டதுதான் கிடைக்கும். அதனால்தான் டேட்டாலோடர் தொகுதி முழுவதையும் நிராகரிக்கிறது. தீர்வு அதே மேப்.

‘ப்ராமிஸ் தரவில்லை’ என்று கத்தினால் பேட்ச் ஃபங்ஷனுக்கு முன் ‘ஆசிங்க்’ விட்டுப்போயிருக்கும். ‘மதிப்பு இல்லாமல் லோட் அழைக்கப்பட்டது’ என்றால், ஆசிரியர் எண் காலியாக உள்ள ஒரு நூல் வந்திருக்கிறது. அழைக்கும் முன் சரிபார்த்து, இல்லையென்றால் நேராக ‘நல்’ திருப்புங்கள்.

## அறிகுறி: தரவு இருக்கிறது, விடை முழுவதும் ‘நல்’

மேப் போட்ட மறுநாள் வரும் அறிகுறி. நாடிப் பதிவில் தரவு வகையை எழுதச் சொன்னது இதற்காகத்தான். சாவி 7 என்ற எண்ணாக வருகிறது. தரவுத்தளம் தரும் வரியில் அது ‘7’ என்ற சரமாக இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் மேப்புக்கு இவை இரண்டும் வேறு வேறு. போஸ்ட்கிரெஸில் ‘பிக்இன்ட்’ வகையை, துல்லியம் போய்விடக்கூடாது என்பதற்காக, ‘பிஜி’ பேக்கேஜ் சரமாகவே தருகிறது. 53 பிட்டுக்கு மேற்பட்ட முழு எண்களை ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் பிசகாமல் தாங்காது. கிராஃப்க்யூஎல்லின் ‘ஐடி’ வகையும் உள்ளே வரும்போது சரமாகத்தான் வரும். ஆகவே ஒரே லோடரை ஓரிடத்தில் எண்ணாலும் இன்னோரிடத்தில் சரத்தாலும் அழைப்பது எளிதில் நிகழ்ந்துவிடும். ‘கேச்கீஎஃப்என்’ விருப்பத்தில் சாவியைச் சரமாக்குங்கள், மேப்பில் போடும்போதும் எடுக்கும்போதும் அதே போலச் சரமாக்குங்கள்.

மோங்கோடிபியின் ‘ஆப்ஜெக்ட்ஐடி’ வைத்திருப்பவர்களுக்கு இதே நோய் இன்னொரு முகத்தில் வரும்: ஒரே எண், ஆனால் இரண்டு வெவ்வேறு பொருள்கள். மேப் பொருள்களை உள்ளடக்கத்தால் ஒப்பிடுவதில்லை, அடையாளத்தால் ஒப்பிடுகிறது. விளைவாக ஒரே ஆசிரியர் தொகுதியில் 12 முறை வருவார். ஆசிரியர் எண், மொழி என்று இரண்டு புலங்கள் சேர்ந்த சாவி என்றாலும் இதேதான். கேச்கீஎஃப்என்தான் மருந்து.

## அறிகுறி: ஒருவருடைய தரவு இன்னொருவருக்குத் தெரிகிறது, நினைவகமும் ஏறிக்கொண்டே போகிறது

இரண்டும் ஒரே காரணம். லோடர் கோப்பின் மேல்மட்டத்தில் படைக்கப்பட்டு, சர்வர் உயிரோடு இருக்கும்வரை வாழ்கிறது. டேட்டாலோடரின் கேச்சுக்கு ஆயுட்காலமும் இல்லை, அளவு வரம்பும் இல்லை. அது ஒரு கோரிக்கைக்குள் ஒரே கேள்வியை இருமுறை கேட்காமல் இருப்பதற்கான நினைவுக் குறிப்பு. ரெடிஸுக்கு மாற்று அல்ல.

நினைவகம் ஏறுவதை யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். ஆபத்து முதல் பாதியில். நிர்வாகி ஒருவர் வெளியிடப்படாத ஒரு மதிப்புரையைத் திறக்கிறார். அவருக்கு அனுமதி உண்டு. விடை கேச்சில் தங்குகிறது. அடுத்து வரும் சாதாரண வாசகருக்கு அதே சாவிக்குப் பேட்ச் ஃபங்ஷன் ஓடவே ஓடாது. அனுமதிச் சோதனை அதற்குள் இருந்தால் அதுவும் ஓடாது.

உறுதிப்படுத்த ஒரு சோதனை: இரண்டு வெவ்வேறு பயனர்களாக, ஒன்றன் பின் ஒன்றாக, ஒரே பக்கத்தைக் கேளுங்கள். இரண்டாம் கோரிக்கைக்கு நாடிப் பதிவில் வரியே வரவில்லை என்றால் லோடர் பகிரப்படுகிறது. சர்வர்லெஸ் சூழலில் ஓடுகிறோம், அழைப்புக்கு அழைப்பு எல்லாம் புதிதாகத் தொடங்கும் என்று நம்பி இருப்பவர்கள் கட்டாயம் இதைச் செய்து பார்க்க வேண்டும். அமேசானின் லாம்ப்டா போன்ற சர்வர்லெஸ் சேவைகள் ஒருமுறை எழுப்பிய சூழலை அடுத்தடுத்த அழைப்புகளுக்கும் பயன்படுத்தும். மேல்மட்ட மாறிகள் அப்படியே உயிரோடு இருக்கும்.

## அறிகுறி: திருத்திய பிறகும் பழைய மதிப்பு

லோடர் கோரிக்கைக்கு ஒன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே கோரிக்கையில் முதலில் படித்து, பிறகு திருத்தி, மறுபடி படிக்கிறீர்கள். திருத்திய கையோடு அந்தச் சாவிக்கு ‘கிளியர்’ அழையுங்கள். புதிய மதிப்பு கையில் இருந்தால் ‘பிரைம்’ செய்து வைக்கலாம். ஆனால் ஏற்கெனவே இருக்கும் சாவியின் மேல் பிரைம் எழுதாது, எதுவும் சொல்லாமல் விட்டுவிடும். கிளியர், அதன் பிறகு பிரைம் என்ற வரிசை முக்கியம். எண்ணால் தேடும் லோடரும் மின்னஞ்சலால் தேடும் லோடரும் தனித்தனியாக இருந்தால் இரண்டையும் துடைக்க வேண்டும். ஒன்றுக்கு மற்றொன்றைப் பற்றித் தெரியாது.

இன்னும் நுட்பமானது: ‘இல்லை’ என்ற விடையும் கேச்சில் தங்கும். ஒருவர் இருக்கிறாரா என்று லோட் செய்து பார்த்து, ‘நல்’ வந்ததால் புதிதாகச் சேர்த்து, மறுபடி லோட் செய்தால் மறுபடியும் ‘நல்’தான். கிளியர் செய்தும் ‘நல்’ வருகிறதா? பரிவர்த்தனையை (டிரான்சாக்ஷனை) பாருங்கள். சேர்த்தது பரிவர்த்தனைக்குரிய இணைப்பில். லோடர் படிப்பது பொது இணைப்புக் குளத்தின் வேறோர் இணைப்பில். உறுதி செய்யப்படாத தரவு வரி அங்கே தெரியாது. பரிவர்த்தனைக்குள் படிக்க வேண்டும் என்றால் அந்த இணைப்பைக் கொண்டு தனி லோடர் படையுங்கள்.

## அறிகுறி: ஒரு சாவி தவறினால் 50-ம் விழுகின்றன

பேட்ச் ஃபங்ஷனுக்குள் ‘த்ரோ’ செய்தால் தொகுதி முழுவதும் தோற்கும். ஒரு நூலைக் காணவில்லை என்பதற்காக மற்ற 49 பேரைத் தண்டிக்க வேண்டாம். அந்தச் சாவியின் இடத்தில் மட்டும் ‘எரர்’ பொருளைத் திருப்புங்கள். அது உண்மையான எரர் வகையாகவே இருக்க வேண்டும். வெறும் பொருளில் செய்தி எழுதி வைத்தால் டேட்டாலோடர் அதைச் சாதாரண விடையாகவே கொடுத்துவிடும்.

இங்கே ஒரு வேறுபாடு. மொத்தத் தொகுதியும் தோற்றால் அந்தத் தோல்வி கேச்சில் தங்காது. மறுபடி லோட் செய்தால் மறுபடி முயலும். தனிச் சாவிக்குத் திருப்பிய எரர் தங்கும். அந்தக் கோரிக்கை முடியும்வரை அதே பிழைதான். ‘காணவில்லை’ என்பதற்கு அது சரி. நேரம் கடந்துபோன இணைப்புக்கு அது தவறு. பிடித்தவுடன் கிளியர் செய்யுங்கள்.

இரண்டாம் பதிப்புக்கு மாறிய பிறகு உங்கள் ‘கேட்ச்’ பகுதி ஓடுவதே இல்லை என்றால், லோட்மெனியைப் பாருங்கள். முன்பு ஒன்று தோற்றால் அது மொத்தமாக நிராகரிக்கும். இப்போது நிராகரிப்பதில்லை, விடைப் பட்டியலுக்குள்ளேயே எரர் பொருள்களை வைத்துத் தருகிறது. பழைய நடத்தை வேண்டுமென்றால் ப்ராமிஸ்.ஆல் கொண்டு தனித்தனி லோட்களை அழையுங்கள்.

## அறிகுறி: தொகுதி பெரிதானதும் தரவுத்தளம் மறுக்கிறது

வரம்புகள் எல்லா இடத்திலும் உண்டு. போஸ்ட்கிரெஸ் ஒரு வினவலில் 65,535 அளவுருக்களை ஏற்கும், எஸ்க்யூஎல் சர்வர் 2,100, எஸ்க்யூலைட் 3.32-க்கு முந்தைய பதிப்புகளில் இயல்பாக 999. அமேசானின் டைனமோடிபி தரவுத்தளத்தில் ‘பேட்ச்கெட்ஐட்டம்’ ஒரு தடவைக்கு 100 உருப்படிகள்தான் தரும். மேக்ஸ்பேட்ச்சைஸை அதற்கேற்ப வையுங்கள். போஸ்ட்கிரெஸில் சாவிகளை ஒரே அணியாக ‘எனி’ நிபந்தனைக்குக் கொடுத்தால் எத்தனை சாவி என்றாலும் ஓர் அளவுருதான். வினவலின் எழுத்தும் மாறாது.

டைனமோடிபியில் இன்னும் இரண்டு பொறிகள். பதிலின் அளவு 16 எம்பியைத் தாண்டினால் மீதிச் சாவிகள் ‘செயலாக்கப்படாதவை’ என்ற தனிப் பட்டியலில் திரும்பும். அதைக் கவனிக்காவிட்டால், இருக்கும் தரவுக்கு ‘நல்’ கொடுத்துவிடுவீர்கள். ஒரே சாவி இருமுறை வந்தாலும் அது மறுக்கும். கேச் இயங்கும்போது டேட்டாலோடர் இரட்டைகளை நீக்கிவிடும். ‘கேச்’ விருப்பத்தை ஃபால்ஸ் ஆக்கியிருந்தால் நீக்காது. கேச் வேண்டாம், இரட்டையும் வேண்டாம் என்றால் கேச்சை விட்டுவைத்து, பேட்ச் ஃபங்ஷனின் தொடக்கத்தில் ‘கிளியர்ஆல்’ அழையுங்கள்.

## அறிகுறி: ஓர் ஆசிரியருக்கு 3 நூல்கள் கேட்டால் மொத்தமே 3 வருகிறது

‘லிமிட் 3’ என்பதைத் தொகுப்பு வினவலின் கடைசியில் அப்படியே ஒட்டியிருப்பீர்கள். அது 50 ஆசிரியர்களுக்கும் சேர்த்து 3. ஆசிரியர்வாரியாகப் பிரித்து வரிசையெண் தரும் ‘ரோநம்பர்’ சாளரச் சார்பையோ, போஸ்ட்கிரெஸின் ‘லேட்டரல்’ இணைப்பையோ பயன்படுத்துங்கள். நூலே இல்லாத ஆசிரியருக்கு ‘நல்’ வேண்டாம், காலிப் பட்டியல் கொடுங்கள். பக்கத்தின் ஓரிடத்தில் 3, இன்னோரிடத்தில் 10 கேட்கிறார்கள் என்றால் அந்த எண்ணும் சாவியின் பகுதியாக வேண்டும். இல்லாவிட்டால் முதலில் வந்தவரின் 3 எல்லோருக்கும் போய்ச் சேரும்.

## அறிகுறி: கோரிக்கை தொங்கி நிற்கிறது, பிழையும் இல்லை முடிவும் இல்லை

பேட்ச் ஃபங்ஷன் தன் சொந்த லோடரையே அழைக்கிறதா என்று பாருங்கள். பிரிவு 5-இன் மேற்பிரிவைத் தேட அதே லோடரில் லோட் செய்கிறீர்கள். மேற்பிரிவும் இதே தொகுதியில் இருக்கிறது. அதன் ப்ராமிஸ் இந்தத் தொகுதி முடிந்தால்தான் நிறைவேறும். தொகுதியோ அந்த ப்ராமிஸுக்காகக் காத்திருக்கிறது. ‘நீ முதலில் போ’ என்று வாசலில் நிற்கும் இரண்டு சம்பந்திகள்போல இருவரும் உள்ளே போவதில்லை. மேற்பிரிவைத் தேடும் வேலையை பேட்ச் ஃபங்ஷனுக்கு வெளியே, ரிசால்வரில் வையுங்கள்.

சோதனைகளில் மட்டும் தொங்கினால் ஜெஸ்ட் என்ற சோதனைக் கருவியின் போலி டைமர்களைச் சந்தேகியுங்கள். 27-ஆம் பதிப்பிலிருந்து இயல்பாக வரும் நவீன வகை, பிராசஸ்.நெக்ஸ்ட்டிக்கையும் போலியாக்கிவிடுகிறது. பரிமாறுபவர் கிளம்ப வேண்டிய மணி அடிக்கவே அடிக்காது. போலி டைமரைத் தொடங்கும்போது ‘டூநாட்ஃபேக்’ பட்டியலில் நெக்ஸ்ட்டிக்கைச் சேருங்கள். 28-ஆம் பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது.

## அறிகுறி: தடமறியும் கருவியில் வினவல் வேறொருவர் தலையில் ஏறுகிறது

‘ஆசிங்க்லோக்கல்ஸ்டோரேஜ்’ (ஒரு கோரிக்கையின் தகவலை அதன் அழைப்புகளோடு கூடவே கொண்டுபோகும் நோட்.ஜேஎஸ் வசதி) வழியாகப் பயனர் எண்ணையோ தடத்தின் எண்ணையோ எடுத்துச் செல்பவர்கள் கவனிக்க வேண்டியது. தொகுதியைத் தொடங்கி வைப்பது முதல் லோட். பேட்ச் ஃபங்ஷன் அந்த முதல் அழைப்பின் சூழலில்தான் ஓடுகிறது. பின்னால் சேர்ந்த 49 பேரின் சூழல் அதற்குத் தெரியாது. ஒரே கோரிக்கைக்குள் இது தடத்தின் படத்தைக் கொஞ்சம் கோணலாக்குவதோடு நின்றுவிடும். பட்டியல் ரிசால்வர் எழுப்பிய வினவல் முழுவதும் முதல் நூலின் கணக்கில் விழும். கோரிக்கைகளுக்கிடையே பகிரப்பட்ட லோடரில் இதுவே முதல் பயனரின் உரிமையில் மற்றவர்களுக்குப் படித்துத் தரும். பேட்ச் ஃபங்ஷனுக்குள் சூழலிலிருந்து பயனரைத் தேடாதீர்கள். லோடரைப் படைக்கும்போதே பயனரை அதன் கையில் கொடுத்துவிடுங்கள்.